திண்டுக்கல் சமவெளியில் காப்பு மின்கலம்: தொடங்கி வைத்தலும் சோதித்தலும்

காப்பு மின்கலத் தொகுதி என்பது மின்வாரியத்தின் வழங்கல் நிற்கும் நேரத்தைச் சமாளிப்பதற்காக முன்கூட்டியே மின்னேற்றி வைக்கப்படும் பேட்டரிகளும், அவற்றோடு சேர்ந்த கருவிகளும் ஆகும். தந்தி அலுவலகம், தொடர்வண்டி நிலையம், தொலைபேசி இணைப்பகம், துணைமின் நிலையம் ஆகிய இடங்களில் மின்கலங்களை வைத்துப் பேணுவது பல தலைமுறைப் பழக்கம். வீடுகளுக்கு அது வந்தது மிக அண்மையில்தான். திண்டுக்கல் நகரிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் 2008 முதல் 2014 வரை நீடித்த மின்வெட்டுக் காலமே இன்வெர்ட்டரை நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுப் பொருளாக்கியது.

இந்த இரண்டு வரவுகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அலுவலகங்களுக்கு மின்கலம் வந்தபோது அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும், அவர் எழுதி வைக்க ஒரு பதிவேடும் சேர்ந்தே வந்தன. வீட்டுக்குப் பேட்டரி மட்டும் வந்தது. புதிய மின்கலத்தை எப்படித் தொடங்கி வைப்பது, அது சொன்னபடி வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது என்ற அறிவு வாசலோடு நின்றுவிட்டது. இக்கட்டுரை அந்த அறிவின் வரலாற்றைத் திண்டுக்கல் பகுதியை முன்வைத்துக் கூறுகிறது.

தந்திக் கம்பியின் காலம்

1875இல் திருச்சிராப்பள்ளிக்கும் மதுரைக்கும் இடையே தென்னிந்திய இரயில்வேயின் பாதை திறக்கப்பட்டபோது திண்டுக்கல் அதில் ஒரு நிலையமாயிற்று. இருப்புப் பாதை போகும் வழியெல்லாம் தந்திக் கம்பியும் போவது அக்கால வழக்கம். தந்திக்கு மின்சாரம் வேண்டும். மின் நிலையமோ அப்போது கிடையாது. எனவே ஒவ்வொரு தந்தி நிலையமும் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே மின்கலங்களிலிருந்து எடுத்துக்கொண்டது. பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1932இல், மேட்டூர் 1937இல். ஆகவே மின்விளக்குக்கு அரை நூற்றாண்டு முன்பே இந்தச் சமவெளிக்கு மின்கலம் வந்துவிட்டது.

இந்தியத் தந்தித் துறை விரும்பிப் பயன்படுத்திய மினோட்டோ கலம் எளிமையானது. ஒரு சாடியின் அடியில் செப்புத் தகடு. அதன்மேல் மயில்துத்தக் கட்டிகள். அதற்கு மேல் ஈர மணலோ மரத்தூளோ ஓர் அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே துத்தநாகத் தகடு. ஒரு கலம் ஏறத்தாழ 1 வோல்ட் தரும். தொலைவுக்கு ஏற்பப் பல கலங்களைத் தொடராக அடுக்குவார்கள். வெயில் நாட்டில் நீர் வற்றிவிடும் என்பதால் அவ்வப்போது ஈரம் பார்க்க வேண்டும். துத்தநாகத்தைச் சுரண்டித் துப்புரவு செய்ய வேண்டும். கலம் நன்றாக இருக்கிறதா என்பதை முள் அசையும் மின்னோட்டங்காட்டி ஒன்று சொல்லிவிடும். இந்தியாவில் தந்திச் சேவை 2013 சூலையில் முடிவுக்கு வந்தது.

தந்திக் கலத்தை மீண்டும் மின்னேற்ற முடியாது. தீர்ந்தால் மயில்துத்தமும் துத்தநாகமும் புதிதாக இட வேண்டும். திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய ஈய-அமிலக் கலத்தைப் பிரெஞ்சு அறிவியலாளர் கஸ்தோன் பிளாந்தே 1859இல் உருவாக்கினார். இரண்டு ஈயத் தகடுகள், நடுவே துணி, சுற்றிலும் நீர்த்த கந்தக அமிலம், அவ்வளவுதான். 1881இல் கமீல் ஃபோர் தகட்டின் மேல் ஈய ஆக்சைடுப் பசையைப் பூசும் முறையைக் கண்டறிந்த பிறகு அது தொழிற்சாலைப் பொருளாயிற்று. இன்று திண்டுக்கல்லில் ஒரு வீட்டு வராந்தாவில் வைக்கப்பட்டிருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியும் வேதியியலில் அதே பிளாந்தே கலம்தான். 165 ஆண்டுகளில் தகட்டின் வடிவம் மாறியது, பெட்டி கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக்காக மாறியது; உள்ளே நடக்கும் வினை மாறவில்லை.

இவ்வகைக் கலங்கள் இப்பகுதிக்கு முதலில் வந்தது பெரும்பாலும் தண்டவாளத்தின் வழியாகவும் தொலைபேசிக் கம்பியின் வழியாகவும். பயணிகள் பெட்டிக்கு அடியில் அச்சோடு வார்ப்பட்டையால் இணைத்த டைனமோ, வண்டி ஓடும்போது மின்கலத்தை ஏற்றும். வண்டி நிலையத்தில் நிற்கும்போது அதே மின்கலம் விளக்கையும் விசிறியையும் நடத்தும். தொலைபேசி இணைப்பகத்தில் இரண்டு வோல்ட் கலங்கள் 24 தொடராக நிற்கும்; மொத்தம் 48 வோல்ட். ஊரில் மின்சாரம் போனாலும் தொலைபேசி பேசியதற்கு இந்த 24 கலங்களே காரணம். 1986இல் கருநாடகத்தின் கித்தூரில் சி-டாட் நிறுவனம் தன் முதல் ஊரகத் தானியங்கி இணைப்பகத்தை நிறுவியது. 128 இணைப்புக் கொண்ட, குளிர்சாதனம் தேவைப்படாத அந்தப் பெட்டி பின்னர் நாடெங்கும் சிற்றூர்களுக்குப் பரவியபோது, அதோடு ஒரு மின்கல அடுக்கும் அந்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

பதிவேடு என்ன கேட்டது

பழைய முறையில் புதிய மின்கல அடுக்கு ஒன்றைத் தொடங்கி வைப்பது சில நாள் வேலை. கலங்கள் உலர்ந்த நிலையில் வரும். அமிலத்தைத் தனியே கலக்க வேண்டும். நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டுமே தவிர, அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது என்று பள்ளி ஆய்வகத்தில் சொல்லிக் கொடுக்கும் விதி இங்கே உயிர் காக்கும் விதி. கலவை ஆறிய பின் கலங்களில் நிரப்பி, தகடுகள் ஊறும்படி 12 முதல் 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். பிறகுதான் முதல் மின்னேற்றம்.

இந்த முதல் மின்னேற்றத்தில்தான் ஒரு பேட்டரியின் ஆயுள் பெருமளவு தீர்மானமாகிறது. குறைந்த மின்னோட்டத்தில், இடையில் நிறுத்தாமல், பல பத்து மணி நேரம் ஏற்ற வேண்டும். மணிக்கொரு முறை ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும், அமிலத்தின் ஒப்படர்த்தியையும், வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். வெப்பம் 50 பாகையை நெருங்கினால் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று மணிநேர அளவீடுகளில் மின்னழுத்தமும் ஒப்படர்த்தியும் மாறாமல் நின்றால் கலம் நிரம்பிவிட்டது என்று பொருள். பிறகு, ஏற்றியதை முழுவதும் இறக்கிப் பார்க்க வேண்டும். பத்து மணி நேர வீதத்தில், அதாவது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தை எடுத்து, ஒரு கலமாவது குறிப்பிட்ட கீழ் எல்லைக்கு வரும்வரை நேரத்தைக் குறிப்பார்கள். மறுபடி ஏற்றி, தேவையானால் மறுபடி இறக்குவார்கள். முதல் சுற்றில் முழுக் கொள்ளளவு வராமல் போவது இயல்பு. சில சுற்றுகளில் அது வந்து சேரும். இவ்வளவும் முடிந்த பிறகே 'பணியில் சேர்க்கப்பட்டது' என்று தேதியிட்டு எழுதுவார்கள்.

அன்றாடம் எல்லாக் கலங்களையும் பார்ப்பது கடினம். அதனால் அடுக்கில் ஒன்றை மாதிரிக் கலமாக வைத்துக்கொண்டு அதன் ஒப்படர்த்தியைத் தவறாமல் குறிப்பது வழக்கம். ஒப்படர்த்தி என்பது நீரோடு ஒப்பிட அமிலம் எவ்வளவு கனமானது என்ற எண். மின்னிறக்கத்தின்போது கந்தக அமிலம் தகடுகளோடு வினைபுரிந்து நீராக மாறுவதால் அந்த எண் குறையும், மின்னேற்றும்போது கூடும். ஹைட்ரோமீட்டர் என்னும் கண்ணாடிக் குழாயில் மிதவை எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைப் பார்த்தே கலத்தின் நிலையைச் சொல்லிவிடலாம். குளிர்நாடுகளில் முழுதும் ஏறிய கலத்துக்கு 1.280 வரை வைப்பார்கள். வெப்பத்தில் அமிலம் தகட்டை விரைந்து அரிக்கும் என்பதால் இந்திய இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்கு 1.240ஐ ஒட்டியே வைக்கிறார்கள். இந்த எண் 27 பாகை வெப்பத்துக்கு உரியது. சித்திரை வெயிலில் பேட்டரியின் அமிலம் 37 பாகையில் இருந்தால், படித்த எண்ணோடு 0.007 கூட்டிக்கொள்ள வேண்டும்.

மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் திண்டுக்கல்லுக்குக் கிழக்கே காரைக்குடியில் இருப்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 சூலை 25 அன்று சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. 1953 சனவரி 14 அன்று, பொங்கல் நாளில், அதைத் திறந்து வைத்தவர் சர்வபள்ளி இராதாகிருட்டிணன்.

மின்வெட்டு ஆண்டுகள்

2008 முதல் தமிழ்நாட்டில் மின் பற்றாக்குறை வெளிப்படையாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு 40 விழுக்காடு வரை மின்வெட்டு விதிக்கப்பட்டது. 2012இல் மாநிலத்தின் தேவை 12,000 மெகாவாட்டை ஒட்டியிருக்க, பற்றாக்குறை 4,000 மெகாவாட் அளவுக்கு இருந்தது. சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று அறிவிக்கப்பட்ட வெட்டு, பிற மாவட்டங்களில் 10 மணி நேரத்தைத் தாண்டி 14, 16 மணி நேரம் என்று நீண்டது. ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுழன்றவரை ஓரளவு தாக்குப்பிடித்தது; காற்று ஓய்ந்த 2012 ஐப்பசியில் நிலைமை மிக மோசமாயிற்று.

பற்றாக்குறையை வெளியிலிருந்து வாங்கி நிரப்பவும் வழி குறுகலாக இருந்தது. தென்மாநிலங்களின் மின்தொகுப்பு அப்போது வட இந்தியத் தொகுப்போடு ஒத்திசைந்து இணைக்கப்படவில்லை. 2012 சூலை 30, 31 நாள்களில் வட இந்தியாவே இருளில் மூழ்கியபோது தமிழ்நாடு தப்பியதற்கும், அதே ஆண்டில் வடக்கில் இருந்த மின்சாரத்தைப் போதுமான அளவு கொண்டுவர முடியாமல் தமிழ்நாடு தவித்ததற்கும் காரணம் ஒன்றே. இராய்ச்சூர்-சோலாப்பூர் தடம் வழியாக இரு தொகுப்புகளும் இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்று.

வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகள் டீசல் மின்னாக்கிகளை ஓட்டின. நூற்பாலையை மின்கலத்தால் ஓட்ட இயலாது. அதன் தேவை அந்த அளவிலானது. விளக்கு, விசிறி, கணினி, தையல் கடை, மருந்துக் கடை, நகலகம் என்ற சிறு தேவைகளே மின்கலத்தை நாடின. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கப்பட்டது. அவற்றைச் சுழற்ற மின்சாரம் இல்லாத மாதங்கள் அடுத்தே வந்தன. மார்ச் மாதப் பொதுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் இன்வெர்ட்டர் அவசியப் பொருளாகக் கருதப்பட்டது. கடன் வாங்கியும் வாங்கினார்கள். வசதியற்ற குடும்பங்களுக்கும் ஒரு வழியில் மின்கலம் சென்றது: 2011-12இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய ஒளி மின்வசதியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் சூரிய ஆற்றலில் எரியும் ஐந்து விளக்குகள் தரப்பட்டன. பகலில் சேமித்து இரவில் எரிக்க அவற்றுக்கும் பேட்டரி உண்டு.

இக்கால இன்வெர்ட்டர் பேட்டரியைக் கடைக்காரர் அமிலம் நிரப்பி, மின்னேற்றிய நிலையில் தருகிறார். பழைய முதல் மின்னேற்ற வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது என்பது உண்மையே. எனினும் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி தானாகவே சிறிது இறங்கியிருக்கும். அதனால் பொருத்திய உடனே சுமை கொடுக்காமல் 10, 12 மணி நேரமாவது தடையின்றி ஏற்ற வேண்டும் என்று கையேடுகள் கூறுகின்றன. 2012இல் அப்படித் தொடர்ந்து 12 மணி நேர மின்சாரத்துக்கு எங்கே போவது? மின்வெட்டின்போதே பேட்டரி வந்து இறங்கியது, அன்று மாலையே சுமையையும் ஏற்றது. ஒரு மணி நேரம் மின்சாரம், ஒரு மணி நேரம் வெட்டு என்ற கணக்கில் அது ஒரு நாளும் முழுமையாக நிரம்பவில்லை.

நிரம்பாத ஈய-அமிலக் கலத்தில் ஈய சல்பேட்டு தகட்டிலேயே தங்கிக் கெட்டிப்படுகிறது. பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் அது கரைவதில்லை. அந்த இடம் பயனற்றுப் போகிறது. ஐந்தாண்டு உழைக்கும் என்று நம்பி வாங்கிய பேட்டரி ஓரிரு ஆண்டுகளில் கையை விரித்ததற்கு இதுவே முதல் காரணம். பழி பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்தின் மேலோ கடைக்காரர் மேலோ விழுந்தது. இன்னொரு முரணும் இதில் உண்டு. மின்கலத்துக்குள் போகும் மின்சாரம் முழுவதும் திரும்பி வருவதில்லை. ஏற்றும்போதும் இறக்கும்போதும் இன்வெர்ட்டரிலும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு வரை வெப்பமாகப் போய்விடும். வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பிய நொடியில் ஒரு தெருவின் பேட்டரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்னேற்றத் தொடங்கும். வெட்டிலிருந்து தப்ப வாங்கிய கருவி, வெட்டுக்குக் காரணமான பற்றாக்குறையைச் சிறிது கூட்டவும் செய்தது.

தண்ணீரும் சுமையும்

இரண்டாம் காரணம் தண்ணீர். பேட்டரியில் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். திண்டுக்கல் வட்டாரத்தின் நிலத்தடி நீர் இயல்பிலேயே கடினமானது. தோல் பதனிடும் தொழிலின் கழிவால் பல இடங்களில் உப்பும் குளோரைடும் ஏறியது. இதைப் பற்றி ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக எழுதி வருகின்றனர். குடத்தில் வைத்தால் அடியில் வெள்ளை படியும் நீரைப் பேட்டரியில் ஊற்றினால் தகட்டின் கதி என்னவாகும் என்பதை ஊகிக்கலாம். குளோரைடு ஈயத்தை அரிக்கும். இரும்பு தானாகவே மின்னிறக்கம் நடக்கச் செய்யும். மழைநீரும் வடிகட்டிய குடிநீரும் காய்ச்சி வடித்த நீராகிவிடா. மட்டத்தைக் காட்டும் மிதவை கீழே இறங்கிவிட்டதே என்ற அவசரத்தில் அடுக்களைக் குடத்திலிருந்து ஊற்றியவர்கள் பலர். மிதவை மேலே வந்தது, பேட்டரி போயிற்று. நீருக்குப் பதில் அமிலத்தை ஊற்றுவதும் தவறு. ஆவியாவதும் வாயுவாகப் பிரிவதும் நீர்தான். அமிலம் உள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது, கணக்குப் போடாத சுமை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று பேட்டரியின் மேல் எழுதியிருக்கும். பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஒரு குழல் விளக்கு, இரண்டு விசிறி, ஒரு தொலைக்காட்சி சேர்ந்து 300 வாட் என்று வைத்தால் ஆறு மணி நேரம் ஓட வேண்டும். ஓடுவது நான்கு மணி நேரத்தை ஒட்டித்தான். ஏன்? இன்வெர்ட்டரே ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. எனவே பேட்டரியிலிருந்து போவது 25 ஆம்பியர் அல்ல, 31 ஆம்பியர். மேலும் அந்த 150 என்பது இருபது மணி நேர வீதத்தில், அதாவது 7.5 ஆம்பியராக மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுத்தால் மொத்தமே குறையும் என்பதை 1897இலேயே செருமானியரான வில்கெல்ம் பாய்க்கெர்ட் காட்டிவிட்டார். கிணற்றில் ஊற்று ஊறும் வேகத்தை மீறி இறைத்தால் வாளி தரை தட்டுவதைப் போன்றதே இதுவும். சற்று நேரம் விட்டால் நீர் மறுபடி நிற்கும். பேட்டரியும் ஓய்வு கொடுத்தால் சிறிது மீளும்.

மின்னழுத்தக் குறைவும் குழப்பம் விளைவித்தது. இன்வெர்ட்டரில் யூபிஎஸ் நிலை, சாதாரண நிலை என்று இரண்டு இருக்கும். யூபிஎஸ் நிலையில், வரும் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே கருவி பேட்டரிக்கு மாறிவிடும், கணினி அணையாது. சாதாரண நிலையில் 100 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளும்; மாறும் நொடியில் கணினி அணைந்து எழும். மாலையில் 160, 170 வோல்ட்டே வந்த சிற்றூர்களில் யூபிஎஸ் நிலையில் விட்டுவைத்த பேட்டரிகள், மின்சாரம் இருக்கும்போதே இறங்கிக்கொண்டிருந்தன. பின்பக்கம் இருக்கும் ஒரு சிறு விசையை மாற்றியிருந்தால் போதும்.

எது சோதனை, எது சோதனையல்ல

வோல்ட்மீட்டரில் 12.7 காட்டுகிறது, எனவே பேட்டரி நலம் என்பது பரவலான நம்பிக்கை. மின்னேற்றத்தை நிறுத்திய சற்று நேரத்துக்குச் செத்த பேட்டரியும் அந்த எண்ணைக் காட்டும். தகட்டின் மேற்பரப்பில் மட்டும் தேங்கிய மின்னேற்றம் அது. நோயாளியின் முகத்தைப் பார்த்தே நலம் என்று சொல்லிவிடுவதற்கு ஒப்பானது. சுமை கொடுத்த பின் மின்னழுத்தம் எப்படி இறங்குகிறது என்பதே மின்கலத்தின் உண்மை நிலையைச் சொல்லும். பழைய இணைப்பகப் பதிவேடு மின்னிறக்கச் சோதனையை வலியுறுத்தியதன் காரணம் இதுதான்.

வீட்டில் இதைச் செய்ய ஆய்வகம் வேண்டாம். பேட்டரி முழுதும் ஏறிய ஒரு நாளில், இன்வெர்ட்டருக்கு வரும் முதன்மை இணைப்பை நிறுத்திவிட்டு, வழக்கமான சுமையை மட்டும் ஓடவிட்டு, தொடங்கிய நேரத்தையும் கருவி எச்சரிக்கை ஒலி எழுப்பிய நேரத்தையும் ஒரு தாளில் குறிக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு 10.5 வோல்ட்டை ஒட்டி இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். புதிதாக வாங்கியபோது நான்கு மணி நேரம் என்றால், அடுத்த ஆண்டு அது எவ்வளவு என்று ஒப்பிடலாம். தொடக்க நாளில் எழுதாதவருக்கு ஒப்பிட எதுவும் இராது. வாரண்டிக் காலத்துக்குள் கடைக்காரரிடம் பேசுவதற்கும் அந்தத் தாள் உதவும். ஆறு கலங்களிலும் ஒப்படர்த்தி பார்த்து, ஐந்தில் 1.230 இருக்க ஒன்றில் மட்டும் 1.170 இருந்தால் அந்த ஒரு கலம் கெட்டுவருகிறது என்று பொருள். தொடராக இணைந்தவற்றில் ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும்.

தொடங்கி வைக்கும் நாளில் பார்க்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. மின்னேற்றத்தின் முடிவில் ஐதரசன் வாயு பிரிகிறது. காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினால் ஒரு பொறி போதும், வெடிக்கும். ஆகவே பூசையறை, அடைத்த அலமாரி, மாடிப்படிக்குக் கீழுள்ள காற்றோட்டமில்லாத மூலை ஆகியவை பேட்டரிக்கு இடமல்ல. முனைகளில் கம்பியை இறுக்கிய பின் வாசலின் பூச வேண்டும். தளர்ந்த முனை சூடாகி உருகும். இன்னொன்று தெருவில் வேலை செய்யும் மின்பணியாளர் உயிர் தொடர்பானது. தவறாக இணைத்த இன்வெர்ட்டர், மின்சாரம் நிறுத்தப்பட்ட தெருக் கம்பிக்குள் வீட்டிலிருந்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்பிவிடும். கம்பத்தில் ஏறியவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். முதன்மை விசையை நிறுத்திய பின் அதன் வெளிப்பக்க முனையில் மின்சாரம் இல்லை என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு சோதித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டைத் தாண்டி

வீட்டில் பேட்டரி நின்றால் புழுக்கம். மருத்துவமனையில் அப்படியல்ல. 2019 மே 7 மாலை, மழைக்கிடையே மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மின்தடை ஏற்பட்டபோது, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகள் சிலர் இறந்தனர். மின்னாக்கி உடனே இயங்காததே காரணம் என்று உறவினர்கள் குற்றஞ்சாட்டினர். நோயின் தீவிரமே காரணம் என்று நிர்வாகம் மறுத்தது. டீசல் மின்னாக்கி ஒன்றை உசுப்பிவிடுவதும் ஒரு பேட்டரிதான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் மின்னாக்கியில் முதலில் கெடுவது பெரும்பாலும் அந்தப் பேட்டரியே.

2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. ஒரு குழந்தை உட்பட ஆறு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். லிப்டுக்குள் மயங்கிய நிலையில் பலர் மீட்கப்பட்டனர். தீயின்போது லிப்டில் ஏறக் கூடாது என்பது பொது விதி. ஏற்கெனவே ஏறிவிட்டவர்களுக்காகவே, மின்சாரம் நின்றதும் லிப்டை அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கும் மின்கலக் கருவி உருவாக்கப்பட்டிருக்கிறது. அக்கருவி இருக்கும் கட்டடங்களில், லிப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவே செல்லும்போது மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பதே அதற்கான சோதனை. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இதைக் கேட்டுப் பெறலாம்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டங்கள் வழியாகக் கேரளத்தை நோக்கிச் சென்றது. மின்கம்பங்கள் சாய்ந்த இடங்களில் கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரிகள் சில மணி நேரம் தாங்கி, பிறகு ஓய்ந்தன. அவை சில மணி நேரத்துக்கென்றே அமைக்கப்பட்டவை; நாள்கணக்கான மின்தடைக்கு அல்ல.

மின்கலமே வேண்டாம் என்று முடிவு செய்த துறையும் ஒன்று உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியின் உட்சுவரைச் சுற்றிப் பனிக்கட்டி அடுக்கு இருக்கும். நாளொன்றுக்கு 8 மணி நேர மின்சாரம் கிடைத்தாலே அது உள்ளே 2 முதல் 8 பாகை வரையிலான குளிரைக் காத்துவிடும். கெடுவதற்குப் பேட்டரி இல்லை, ஊற்ற நீர் இல்லை. 2012இன் வெட்டை அமைதியாகத் தாண்டியவற்றுள் அந்தப் பெட்டிகளும் அடங்கும்.

2014 சூன் முதல் மின்கட்டுப்பாடுகள் விலக்கப்படுவதாக மாநில அரசு அறிவித்தது. கூடங்குளம் முதல் உலையின் மின்சாரமும், வடக்குத் தொகுப்போடு ஏற்பட்ட இணைப்பும் நிலைமையை மாற்றின. வெட்டு குறைந்ததும் இன்வெர்ட்டர்கள் வராந்தா மூலையில் மறக்கப்பட்டன. பயன்படாத பேட்டரி கெடாது என்பது தவறு. நீர் மட்டம் பார்க்காமல் விட்டால் தகடுகள் வெளியே தெரிந்து காய்ந்துவிடும். பழையதைத் தெருவில் எடைக்குப் போடுவது நிலத்தில் ஈயத்தைக் கொட்டுவதற்குச் சமம். 2001ஆம் ஆண்டின் விதிகளும் அவற்றுக்குப் பதிலாக 2022இல் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளும் பழைய பேட்டரி முறையான மறுசுழற்சிக்குச் செல்ல வேண்டும் என்கின்றன. கடையில் கொடுத்தால் புதியதின் விலையில் கழித்துக்கொள்வார்கள். இப்போது நீர் ஊற்றத் தேவையற்ற லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுப் பேட்டரிகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு ஹைட்ரோமீட்டர் பயன்படாது. மின்னிறக்கச் சோதனை அவற்றுக்கும் பொருந்தும்.

துணைமின் நிலையங்களின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மின்சாரம் நிறுத்தப்படும் நாளும் பகுதிகளும் முன்கூட்டியே நாளிதழ்களில் வெளியாகின்றன. மின்னிறக்கச் சோதனைக்கு ஏற்ற நாள் அதுவே. முந்தைய இரவு நீர் மட்டத்தைப் பார்த்து, பேட்டரியை முழுதும் ஏறவிட்டு, மறுநாள் காலை சுமை எவ்வளவு, தொடங்கிய நேரம் எது, நின்ற நேரம் எது, ஆறு கலங்களின் ஒப்படர்த்தி என்ன என்று நான்கு வரிகள் எழுதினால், பழைய இணைப்பகப் பதிவேட்டின் ஒரு பக்கம் நிறைவு பெறும். அன்று மாலை மின்சாரம் வந்தவுடன் பேட்டரியைத் தடையின்றி முழுதும் ஏறவிட வேண்டும். இறங்கிய நிலையில் இரவு முழுவதும் வைத்திருக்கக் கூடாது.